ரன்னுக்கு மேலே கலர்

அன்றைக்கு மணமேல்குடியில் கருவாடு சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் இருந்தது மொத்தம் ஐந்து பேர். கிட்டங்கி முதலாளி, பினாங்கில் இருந்து திரும்பி வந்து ஊரே மலேயாக்காரர் என்று அழைத்த ஒருவர், அறந்தாங்கி லாரி டிரைவர், என் அக்காவைக் கட்டிய மச்சான், அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. பின்னால் ஊரில் ஏழெட்டுப் பேர் தாங்களும் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதெல்லாம் பொய். மற்றவர்களைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும், ஆள் கணக்கை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள் சிலேட்டாலேயே மண்டையில் அடித்தார். சிலேட்டு இரண்டாக உடைந்தது. உடைந்த சிலேட்டுக்கு வீட்டில் இன்னொரு அடி விழுந்தது. மறுநாள் முதல் போகவில்லை. அடிக்குப் பயந்து அடிக்காத இடம் தேடிப் போகிறவனுக்கு வேலை என்று கிடைப்பது இன்னும் அடிக்கிற இடமாகத்தான் இருக்கும் போல. பதினான்கு வயதில் கிட்டங்கியில் சேர்ந்தேன். கருவாட்டை ஓலைப்பாயில் கட்டிக் கோணி ஊசியால் தைத்துப் பொதியாக்குவது என் வேலை. இரவில் படுத்தால், இன்றைக்குத் தைத்த பொதி வழியில் பிரிந்து விழுந்திருக்குமோ என்ற நினைப்பில் தூக்கம் வராது. இருபத்து மூன்று வயதிலும் அப்படித்தான் இருந்தேன்.

மலேயாக்காரர் கொண்டுவந்த சீட்டாட்டத்தை எங்கள் பக்கம் அதுவரை யாரும் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு, அதை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டுவது. இது வேறு. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது கப்பல்காரர்களிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

"ஆளுக்கு ரெண்டே சீட்டு. அதை ஒன் பொண்டாட்டிக்குக்கூட காட்டாதே. நடுவுல அஞ்சு சீட்டு வரும். அது எல்லாருக்கும் பொது. கரைவலை இழுத்துக் கொட்டுன மீன் மாதிரின்னு வச்சுக்க. ஒன் ரெண்டையும் அந்த அஞ்சையும் சேத்து, எந்த அஞ்சு ஒசத்தியோ அதை எடுத்துக்க."

நடுச் சீட்டு ஐந்தும் ஒரே தடவையில் வராது. கையில் இரண்டு விழுந்ததும் ஒரு சுற்றுப் பணம் கட்ட வேண்டும். பிறகு நடுவில் மூன்று திறக்கும், மறுபடி பணம். நாலாவது திறக்கும், பணம். ஐந்தாவது திறக்கும், கடைசிப் பணம். எந்த இடத்திலும் பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். அதுவரை கட்டியது போனது போனதுதான்.

கற்றுக்கொடுக்கும்போது அவர் மடியில் ஒரு திருக்கை வால் கிடக்கும். திருக்கை மீனின் வாலை அறுத்து உப்புப் போட்டு வெயிலில் காயவைத்தது. சாட்டைபோல வளையும்; தோலில் பட்டால் உப்புத்தாளால் தேய்த்ததுபோல உரித்துக்கொண்டு போகும். காயம் ஆறப் பத்து நாளாகும். தப்பாக ஆடியவனுக்கு அவர் வாயால் சொல்வதில்லை, வாலால்தான் சொல்வார். வலியில் முகம் கோணினால் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுவார். சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது வாங்கிய அடியின் தழும்பு. தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக இருக்கும்.

"நான் வாங்குனதுல இது கால்வாசிகூட இல்லடா. அடி வாங்கிக் கத்துக்கிட்டது மறக்காது" என்பார்.

நான் மூன்று அடியில் கற்றுக்கொண்டேன். சீட்டைக் கவிழ்த்துவிட்டு மலேயாக்காரருக்கும் டிரைவருக்கும் நடந்த ஆட்டத்தில் வாயைத் திறந்ததற்கு முதல் அடி. "சீட்டைக் கவுத்தவன் செத்தவன். செத்தவன் பேசக் கூடாது" என்றார். அந்த விதியில் அவர் ரொம்பக் கண்டிப்பு. முறை வருவதற்கு முன் பணத்தை நீட்டியதற்கு இரண்டாவது அடி.

மூன்றாவது, ரன்னையும் கலரையும் குழப்பியதற்கு. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எட்டு, ஒன்பது, பத்து என்று சீட்டு வரிசையாக வந்தால் ரன். வரிசை இல்லாமல், எல்லாம் ஆட்டினாகவோ எல்லாம் இஸ்பேடாகவோ ஒரே சாதியாக வந்தால் கலர். எங்கள் மூணு சீட்டில் ரன்தான் உசத்தி. கலர் அதற்குக் கீழே. தாய்ப்பாலோடு வந்த பாடம் மாதிரி அது எங்களுக்கு. மலேயாக்காரர் ஆட்டத்தில் அது தலைகீழ். கலர்தான் மேலே, ரன் கீழே. நான் ரன் வைத்துக்கொண்டு, கலர் வைத்திருந்த டிரைவரின் பணத்தைக் கையால் வாரப் போனேன். வால் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அவர் இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

"ரன்னுக்கு மேல கலரு. சொல்லு."

"ரன்னுக்கு மேல கலரு."

"இன்னொருக்கா."

பத்துத் தரம் சொல்ல வைத்தார்.

மச்சானுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஜெகதாப்பட்டினத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, நானும் முதலாளியோடு சரிசமமாக உட்கார்ந்து ஆடுகிறேன் என்று பெருமை அடித்தேன். மச்சானுக்குக் கோபம் மூக்கில் இருக்கும். வலை சிக்கினால் வலையை அடிப்பார். வள்ளம் தரை தட்டினால் வள்ளத்தை உதைப்பார். அக்காவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர் "சொல்லித் தாடா மாப்ள" என்றபோது மறுக்கவா முடியும். அக்கா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சீட்டைப் பரப்பி, கையில் இரண்டு, நடுவில் ஐந்து, நாலு சுற்றுப் பணம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சோடி, ரன், கலர் என்று ஆரம்பித்ததும் மச்சான் என் கையைத் தட்டிவிட்டார்.

"ரன்னு கலரெல்லாம் எனக்கு நீ சொல்றியா. நீ பொறக்கிறதுக்கு முன்னாடி இருந்து மூணு சீட்டு ஆடுறவன்டா நான். நடுவுல கெடக்கிற அஞ்சை மட்டும் சொல்லு."

இல்லை மச்சான், இதில் மாறி வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் ஐப்பசி அடைமழை. நயா பைசா வந்த புதிது. பொதிக் கூலியைப் பைசாவாக எண்ணுவதா அணாவாக எண்ணுவதா என்று தினம் ஒரு சண்டை. மச்சானின் நூல் வலை முதலாளியிடம் அடகில் இருந்தது. நூற்று ஐம்பது அசல், பத்து ரூபாய் வட்டி. கிட்டங்கி உத்தரத்தில்தான் அது சுருட்டித் தொங்கியது. பொதி தைக்கும்போது என் தலைக்கு மேலே இருக்கும். மழை விட்டதும் கடலுக்குப் போக வேண்டும். வலை இல்லாவிட்டால் அந்தப் பருவம் முழுக்க அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குத் துடுப்புப் போட வேண்டியதுதான். அக்கா தன் தோட்டையும் வெள்ளிக் கொலுசையும் விற்று நூற்று அறுபது ரூபாய் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள். வேட்டி மடிப்பில் துணியில் முடிந்து, நடுப்பகலில் நனைந்துகொண்டே மச்சான் வந்து சேர்ந்தார்.

நாங்கள் நாலு பேரும் பாயில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தோம். ரோடு அரித்துப்போய் லாரி போக முடியாததால் டிரைவருக்கும் வேறு வேலை இல்லை.

"மொதலாளி, பணம் கொண்டாந்திருக்கேன். வலையை எறக்கிக் குடுங்க" என்றார் மச்சான்.

முதலாளி சீட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாங்க, இப்படி இங்கிட்டு உக்காருங்க. மழையில எங்க போகப் போறீங்க. இந்தக் கை முடியட்டும், எறக்கித் தர்றேன்."

டிரைவர் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு இதெல்லாம் புரியாதுங்க மொதலாளி. இது மலேயா ஆட்டம். மீன் நாத்தம் புடிச்ச கையில நிக்காது."

"எனக்கா புரியாது. போடு ஒரு கை" என்று மச்சான் உட்கார்ந்தார்.

மச்சான் மடியில் இருந்த பண முடிச்சைப் பார்த்தேன். உத்தரத்தில் வலையைப் பார்த்தேன். வேண்டாம் மச்சான் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி முன்னால் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சீட்டு விழுந்துவிட்டது.

முதல் மூன்று கையில் மச்சான் பன்னிரண்டு ரூபாய் ஜெயித்தார். அதுதான் கெடுத்தது. நாலாவது கையில் எனக்கு உதவாத சீட்டு, உடனே கவிழ்த்தேன். மலேயாக்காரரும் கவிழ்த்தார். நடுவில் மூன்று திறந்தது: ஆட்டின் ஒன்பது, இஸ்பேட் எட்டு, ஆட்டின் இரண்டு. மச்சான் ஐந்து ரூபாய் போட்டார். டிரைவர் எச்சில் துப்பிவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். முதலாளி ஐந்தைப் போட்டார். நாலாவதாகக் கிளாவர் மூன்று. மச்சான் இருபது, முதலாளியும் இருபது. ஐந்தாவது சீட்டை மலேயாக்காரர் மெல்லத் திருப்பினார். ஆட்டின் ராணி.

மச்சானின் காது மடல் சிவந்தது. அவர் கையில் பத்தும் ஜாக்கியும் இருந்ததை அந்த முகத்திலேயே படித்துவிட்டேன். எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி. முழு ரன். ஆனால் நடுவில் மூன்று ஆட்டின் கிடந்தது. எதிரில் இருப்பவர் கையில் இரண்டு ஆட்டின் இருந்தால் கலர். முதலாளி காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்த விதத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"நூறு" என்றார் முதலாளி.

மச்சான் முடிச்சை அவிழ்த்தார். "நூறென்ன. மொத்தமும் வச்சுக்கங்க. என்ன இருக்கோ எல்லாம்."

நான் வாயைத் திறந்தேன். மலேயாக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். மடியில் கிடந்த வாலின் நுனியை விரலால் ஒருமுறை தூக்கிவிட்டார். என் மணிக்கட்டில் பழைய காயம் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது. நான் கவிழ்த்தவன். வாயை மூடிக்கொண்டேன். ஒரு அடி. ஒரே ஒரு அடி வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன், கணக்கு அதற்கு மேல் போகவே இல்லை.

மச்சான் சீட்டைக் காட்டினார். முதலாளி ஆட்டின் ராஜாவையும் ஆட்டின் நாலையும் வைத்தார்.

மச்சான் சிரித்துக்கொண்டே பணத்தை இழுத்தார். முதலாளி அவர் கைமேல் கையை வைத்தார்.

"எங்க இழுக்கிறீங்க. நம்மது கலருங்க."

"கலருதானே. என்னது ரன்னு."

"ரன்னுக்கு மேல கலருங்க இதுல."

"எந்த ஊருல?"

டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பினாங்குலங்க. டிக்கெட் எடுத்துப் போயி கேட்டுட்டு வாங்க."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ சொல்லு."

"கலர்தான் மச்சான் மேல" என்றேன்.

அவர் பாயைப் பிடித்து அப்படியே புரட்டினார். சீட்டும் ரூபாயும் உப்புத் தரையில் சிதறின. மலேயாக்காரர் எழுந்த வேகத்தில் வாலை வீசினார். அது மச்சானின் காதில் இருந்து வாய்வரை ஒரே கோடாகக் கிழித்தது. இரண்டாவது வீச்சு கழுத்தில். மச்சான் பின்னால் போய் மீன் கீறும் மேடையில் மோதினார். திரும்பியபோது கையில் கத்தி. சுறா கீறுகிற அகலக் கத்தி. மூன்றாவது தரம் வால் வந்தபோது, வாலைப் பிடித்த கையையே வெட்டினார். இரண்டு விரல் விழுந்தது. தரையில் கிடந்த சாளைக் கருவாட்டுக்கு நடுவே அவை எதுவென்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

மலேயாக்காரர் கத்தவில்லை. கையைப் பார்த்தார், அப்புறம் தலையால் மச்சானின் மூக்கில் முட்டினார். இருவரும் ரத்தத்தில் வழுக்கி விழுந்து எழுந்தார்கள். மச்சான் மறுபடி கத்தியை ஓங்கினார். இன்னொரு வெட்டு கழுத்தில் விழுந்திருந்தால் தூக்குக்கயிறு. நான் ஓடிப்போய்ப் பின்னால் இருந்து மச்சானின் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தேன். தடுக்கத்தான் பிடித்தேன். கத்தி கீழே விழுந்தது. அந்த நேரம் டிரைவர், லாரி எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பிடித்துக்கொண்டிருந்ததால் மச்சானால் விலக முடியவில்லை. முதல் அடி வலது தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு முறிந்தது என் நெஞ்சில் தெரிந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். பிடியை விடுவதற்குள் இரண்டாவதும் விழுந்துவிட்டது.

"போதும். சூதாடுன கேசு எல்லாரு மேலயும்தான் வரும். யாரும் வாயைத் தொறக்கப்படாது" என்றார் முதலாளி. அவர் மண்டிபோட்டு ஒவ்வொரு நோட்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மலேயாக்காரர் கையில் மஞ்சளும் உப்பும் அப்பித் துணி சுற்றினேன். டாக்டரிடம், சுறா கீறும்போது பட்டது என்று சொன்னார்கள். மச்சானைக் கட்டு வைத்தியரிடம் வண்டியில் கொண்டுபோனேன். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கை பிழைத்தது, ஆனால் தோளுக்கு மேல் அது எழவே இல்லை. வலை வீசுகிற கை அதுதான்.

டிரைவர் ரோடு சரியானதும் போய்விட்டார். பிறகு அந்தப் பக்கம் லாரி ஓட்டவில்லை. பதினைந்து நாள் கழித்துக் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். பெரியவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். கலர் மேலே என்கிற விதியை ஆடும் முன்பே மச்சானுக்குச் சொல்லியிருந்தார்களா, இல்லையா. சொல்லியிருந்தால் மச்சான் குற்றவாளி. சொல்லாமல் உட்காரவைத்திருந்தால் அது ஏமாற்று. பணத்தைத் திருப்பித் தர வேண்டும், விரலுக்கும் ஈடு கிடையாது.

"அப்படி ஒரு விதியை நான் கேள்விப்படவே இல்லைன்னு சொல்றேன்ல. என்னமோ மலேயா ஆட்டமாம்" என்றார் மச்சான். மூக்கு உடைந்து பேச்சு கொழகொழவென்று வந்தது.

"இவன்தான் அவருக்குச் சொல்லிக்குடுத்தது" என்று முதலாளி என்னைக் காட்டினார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். பொதி தைக்கிற கை. அந்த வேலை போனால் எனக்கு வேறு கிட்டங்கி கிடையாது.

"கலரு மேலன்னு சொன்னியாடா?" என்று பெரியவர் கேட்டார்.

"சொன்னேன்" என்றேன்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். எழுந்து வந்து அடிப்பார் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"மாப்ள சொன்னேன்னா சொல்லியிருப்பான். எனக்கு மண்டையில ஏறலை போல" என்றார்.

விரலுக்கு நூறு வீதம் மச்சான் இருநூறு ரூபாய் மலேயாக்காரருக்குக் கட்ட வேண்டும் என்று முடிவானது. நூற்று அறுபது ஆட்டத்தில் போனது, அடகு வலையும் முதலாளிக்கே ஆனது. அதை அவர் வேறொருவருக்கு விற்றபோது உத்தரத்தில் இருந்து இறக்கித் தலையில் சுமந்துகொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

கூட்டம் முடிந்த அன்றைக்கு அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். போனேன். கையில் இருந்த விறகுக் கட்டையால் முழங்காலில் அடித்தாள். விழுந்தபின் முதுகில் அடித்தாள். அழுகை இல்லை, சத்தம் இல்லை, நெல் குத்துவதுபோல ஒரே சீராக அடித்தாள்.

"அடுப்படியில நாந்தானே உக்காந்திருந்தேன். நீ என்ன சொன்னே, என்ன சொல்லாம விட்டேன்னு எனக்குத் தெரியாதா."

நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"சபையில போயி நீ பொய் சொல்றேன்னு சொல்லியிருப்பேன். அவரே ஒத்துக்கிட்ட பெறகு நான் என்ன பேச. இந்த எரநூறை நீ கட்டு. அவர் கட்டுறதா ஊரு நெனச்சுக்கட்டும்."

கட்டினேன். மாதம் ஐந்து ரூபாய். முதல் தேதியில் மலேயாக்காரர் கிட்டங்கிக்கு வந்து இடது கையை நீட்டுவார். வலது கையில் மூன்று விரல். அதில் சீட்டு நிற்காது என்று ஆட்டத்தையே விட்டுவிட்டார். வால் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. "ஒங்க மச்சான் எப்படி இருக்காரு?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார். "இருக்காருண்ணே" என்பேன். மச்சான் கரையில் அடுத்தவர் வலைக்கு உட்கார்ந்து ஒற்றைக் கையால் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிற நாளில் அக்காவை அடிக்க இடது கையை ஓங்குவார். அவள் அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள்.

முப்பத்திரண்டு மாதம் தவறாமல் கொடுத்தேன். முப்பத்து மூன்றாவது மாதம், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறப் போகிறேன் என்று மலேயாக்காரர் தகரப்பெட்டியோடு வந்து நின்றார். என்னிடம் அப்போது மூன்று ரூபாய்தான் இருந்தது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மீதியை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனார். வரவில்லை. கடிதமும் இல்லை. அவருக்கு இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. யாரிடம் கொடுப்பது என்று அன்றைக்கு ஆரம்பித்த கவலை இன்னும் விடவில்லை.

மச்சான் காய்ச்சலில் போன பதினாறாம் நாள், காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அக்கா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"அந்த வெரலுக்கு இன்னும் எவ்வளவு நிக்குது?"

"முப்பத்தேழு ரூபாய்" என்றேன்.